மென்பொருள் விற்பவருக்கு ஒரு கையேட்டுத் தளம்: சட்டகத்தைத் தெரிவு செய்வது எப்படி?

2019 டிசம்பர் முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூன் மாதம் அது 12 சதவீதமாகவும், அதே வருடம் செப்டம்பரில் 15 சதவீதமாகவும், 2024 ஜனவரியில் 18 சதவீதமாகவும் உயர்ந்தது. நான்கு வருடங்களுக்குச் சற்றுக் கூடிய காலத்தில் நான்கு மாற்றங்கள். ஒவ்வொரு முறையும் கடைகளில் பில் போடும் மென்பொருளில் வரி வீதத்தை மாற்ற வேண்டியிருந்தது. எப்படி மாற்றுவது என்று தெரியாத கடைக்காரர் என்ன செய்வார்? மென்பொருள் தந்தவருக்குத் தொலைபேசி எடுப்பார்.

இருநூறு கடைகளுக்கு மென்பொருள் விற்ற ஒரு சிறு நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் அழைப்புக்குப் பத்து நிமிடம் என்றாலும் மொத்தம் 2000 நிமிடங்கள், அதாவது 33 மணித்தியாலங்களுக்கு மேல். ஓர் ஊழியரின் நான்கு நாள் உழைப்பு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் போய்விடுகிறது. அந்தப் பதிலை ஒரு பக்கத்தில் படத்துடன் எழுதி இணையத்தில் வைத்து, அதன் முகவரியை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் பெரும்பாலான அழைப்புகள் வந்திருக்கவே மாட்டா.

துணி, இரும்பு, மாணிக்கக்கல் என்று வியாபாரம் செய்து வந்த எமது குடும்பங்களில் இன்று பிள்ளைகள் பலர் மென்பொருள் எழுதி விற்கிறார்கள். வாப்பா முதல் போட, மகன் நிறுவனம் நடத்துகிறார். மென்பொருளைச் செய்வதில் காட்டும் அக்கறையை, அதைப் பயன்படுத்தும் முறையை எழுதி வைப்பதில் பலர் காட்டுவதில்லை. எழுத முன்வந்தாலும் முதலில் எழும் விவாதம் "எந்த பிரேம்வேர்க்கில் செய்வது?" என்பதுதான். அக்கேள்வியை முதல் போட்டவரும் விளங்கிக் கொண்டு தீர்மானம் எடுப்பதற்காகவே இக்கட்டுரை.

யாருக்காக இந்தத் தளம்?

கையேட்டுத் தளத்துக்கு இரு வகை வாசகர்கள் உண்டு. ஒருவர் கடையில் பில் போடுபவர். மற்றவர் இன்னொரு நிறுவனத்தின் புரோகிராமர். இரண்டாமவர் ஏன் வருகிறார் என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

உங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் கடைக்காரர் இணையத்திலும் விற்க விரும்புகிறார். இணையக் கடையை வேறொரு நிறுவனம் செய்து கொடுக்கிறது. கடையில் எத்தனை துண்டுகள் கையிருப்பில் உள்ளன என்பதை இணையக் கடை உங்கள் மென்பொருளிடம் கேட்டு அறிய வேண்டும். இவ்வாறு ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேட்டுப் பதில் பெறுவதற்கான வாசலை ஏ.பி.ஐ. என்பார்கள். எப்படிக் கேட்பது, எந்தச் சாவியைக் காட்டுவது, என்ன பதில் வரும், பிழை வந்தால் அதன் பொருள் என்ன என்பவற்றை எழுதி வைக்காவிட்டால், மற்ற நிறுவனத்தின் புரோகிராமர் உங்கள் புரோகிராமரை நாளுக்கு நாலு தடவை அழைப்பார். அவரும் சலித்துப் போய், "அந்த மென்பொருளோடு வேலை செய்வது கஷ்டம்" என்று கடைக்காரரிடம் சொன்னால் அடுத்த வருடம் நீங்கள் அந்தக் கடையை இழக்கலாம். ஆகவே இது வெறும் அலங்கார வேலையல்ல, வாடிக்கையாளரைத் தக்க வைக்கும் வேலை.

சட்டகம் என்றால் என்ன?

வீடு கட்டும்போது கதவு, ஜன்னலுக்கான நிலைகளை ஒவ்வொருவரும் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. ஆயத்தமாக உள்ளதை வாங்கிப் பொருத்துகிறோம். இணையத்தளத்திலும் மெனு, தேடல், பக்க அமைப்பு, கைத்தொலைபேசிக்கு ஏற்ப ஒடுங்கும் வசதி போன்றவற்றை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் தொகுதியையே சட்டகம் அல்லது பிரேம்வேர்க் என்கிறார்கள். நாம் உள்ளடக்கத்தை எழுதினால் போதும்.

இவற்றில் இரு பெரும் வகைகள் உள்ளன. ஹோட்டலில் கொத்து ரொட்டி கேட்டால் அப்போதுதான் கல்லில் போட்டுக் கொத்தித் தருகிறார்கள். பகல் சோற்றுப் பார்சலோ முன்பே கட்டி அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். காசைக் கொடுத்ததும் கையில் கிடைக்கும். வேர்ட்பிரஸ், லாரவெல், ஜாங்கோ போன்றவை கொத்து ரொட்டி வகை. ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போது சேர்வர் கணினி தரவுத்தளத்தில் தேடி, பக்கத்தைத் தயாரித்து அனுப்புகிறது. மற்ற வகையில், பக்கங்கள் எல்லாம் முன்கூட்டியே தயாரிக்கப்பட்டு வெறும் கோப்புகளாக வைக்கப்படுகின்றன. இதை நிலையான தளம் என்பார்கள்.

ஆளுக்கொரு பதில் தர வேண்டிய இடத்தில்தான் கொத்து ரொட்டி வகை அவசியம். வங்கிக் கணக்கு, ஓடர், கையிருப்பு ஆகியவை அப்படிப்பட்டவை. கையேடோ எல்லோருக்கும் ஒன்றே. எனவே பெரும்பாலான கையேடுகளுக்குச் சோற்றுப் பார்சலே போதும். அது வேகமாகத் திறக்கும். தரவுத்தளம் இல்லாததால் உடைத்து நுழைவதற்கான வழிகளும் குறைவு. மாதாந்தச் செலவும் சொற்பம்.

கடைத்தெருவில் உள்ள சரக்குகள்

நிலையான தளம் செய்யும் கருவிகள் ஏராளம். நமக்குத் தேவையான நான்கை மட்டும் பார்ப்போம். நான்கும் இலவசம், திறந்த மூல மென்பொருட்கள்.

ஸ்பிங்ஸ்: பைத்தன் கணினி மொழியின் கையேட்டுக்காக ஜோர்ஜ் பிராண்டல் என்பவரால் உருவாக்கப்பட்டு 2008இல் வெளிவந்தது. பைத்தன், ஜாங்கோ கையேடுகளும் லினக்ஸ் கேர்னலின் கையேடும் இதில்தான் ஆக்கப்படுகின்றன. பெரிய, ஆழமான தொழில்நுட்பக் கையேட்டுக்கு உறுதியானது. எழுதும் முறையைப் பழகச் சற்று நாள் எடுக்கும்.

எம்.கே.டொக்ஸ்: டொம் கிறிஸ்டி 2014இல் வெளியிட்டது. ஒரேயொரு அமைப்புக் கோப்பும் ஒரு கோப்புறை நிறைய எழுத்தும் இருந்தால் தளம் தயார். பழகுவதற்கு மிக இலகு. கொழும்பில் 2005இல் தொடங்கி உலக அளவில் மென்பொருள் விற்கும் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனமும் தன் கையேடுகளுக்கு இதைப் பயன்படுத்தியுள்ளது.

டொக்குசோரஸ்: பேஸ்புக் நிறுவனம் 2017இல் வெளியிட்டது. பல மொழிகளும், மென்பொருளின் பழைய, புதிய பதிப்புகளுக்குத் தனித்தனிக் கையேடுகளும் வைக்கும் வசதி இதில் உள்ளேயே இருக்கிறது. ரியெக்ட் தெரிந்த புரோகிராமர் வீட்டில் இருந்தால் நல்லது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் அதிகம் இறங்குவதால், மெதுவான இணைப்பில் முதல் தடவை திறக்கும்போது பாரம் தெரியலாம்.

ஹியூகோ: ஸ்டீவ் பிரான்சியா 2013இல் தொடங்கியது. ஒரே கோப்பாகக் கிடைக்கும். வேறு எதையும் நிறுவத் தேவையில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களையும் மிக வேகமாகத் தயாரிக்கும். பல மொழி வசதி உள்ளேயே உண்டு. வார்ப்புருவை நம் விருப்பத்துக்கு மாற்றப் போனால் தலை சற்றுச் சுற்றும்.

வேர்ட்பிரஸை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 2003இலிருந்து உள்ள கருவி அது. கணினி மொழி தெரியாத ஒருவரே தினமும் எழுதுவதாக இருந்தால் அது வசதி. ஆனால் அதையும் அதன் பிளகின்களையும் தவறாமல் புதுப்பிக்க ஒருவர் வேண்டும். கவனிப்பாரற்று விடப்பட்ட வேர்ட்பிரஸ் தளம் பூட்டாத கடை போன்றது.

கருவி போகும், எழுத்து இருக்கும்

இவற்றில் எது சிறந்தது என்பதை விட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. நாளை அந்தக் கருவி கைவிடப்பட்டால் எமது கையேடு என்னாகும்?

இது வெறும் கற்பனைப் பயமல்ல. பேஸ்புக்கின் ரியெக்ட் கையேட்டைப் பாருங்கள். முதலில் ஜெக்கில் என்ற கருவியில் இருந்தது. 2017இல் கெட்ஸ்பிக்கு மாறியது. 2023 மார்ச்சில் வெளிவந்த புதிய தளம் நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் கட்டப்பட்டது. அந்த கெட்ஸ்பி ஒரு காலத்தில் எல்லோரும் பேசிய பெயர். 2023 பெப்ரவரியில் அந்த நிறுவனத்தை நெட்லிபை வாங்கியது. அதன் பின் கருவியின் வளர்ச்சி வேகம் வெகுவாகக் குறைந்தது. கியூபர்நெட்டிஸ் என்ற பெரிய மென்பொருளின் கையேடு 2018இல் ஜெக்கிலிலிருந்து ஹியூகோவுக்கு மாறியது. எம்.கே.டொக்ஸுக்குப் பலரும் பயன்படுத்தும் மெட்டீரியல் என்ற தோற்றத்தைச் செய்தவர்களே 2025 இறுதியில் ஜென்சிகல் என்ற புதிய கருவியை அறிவித்தார்கள். பழைய எம்.கே.டொக்ஸ் தளங்களையும் அது வாசிக்கும்படி செய்திருக்கிறார்கள்.

ஆட்பலமும் பணமும் உள்ள பெரியவர்களே கருவியை மாற்ற நேர்கிறது. அவர்களால் மாற முடிந்ததற்கு ஒரு முக்கிய காரணம், உள்ளடக்கம் மார்க்டவுன் என்ற எளிய முறையில் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருந்ததுதான். ஜோன் குரூபர் 2004இல் வெளியிட்ட முறை அது. தலைப்புக்கு முன் ஒரு சதுரக்குறி, பட்டியலுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். ராக்கை மாற்றினாலும் சரக்கு அப்படியே இருந்தது.

எனவே எந்தக் கருவியைச் சொன்னாலும் ஒரு சோதனையைச் செய்யுங்கள். கையேட்டின் கோப்புகளைப் பென்டிரைவில் பிரதி செய்து, வேறு கணினியில் சாதாரண நோட்பேடில் திறந்து பாருங்கள். வாசித்து விளங்க முடிந்தால் அந்தக் கையேடு உங்களுடையது. குறியீடுகளும் அடைப்புக்களுமாகத் தெரிந்தால் அது கருவியிடம் அடகு வைக்கப்பட்டிருக்கிறது. டொக்குசோரஸில் எழுத்துக்கு நடுவே ரியெக்ட் துண்டுகளைச் செருகும் வசதி உண்டு. அது கவர்ச்சியானது, ஆனால் அளவு மீறினால் பிறகு மாற முடியாமல் கட்டிப்போடும்.

தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவதானால்

கடைக்காரருக்கான பகுதி தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால்தான் பயன். புரோகிராமருக்கான பகுதி ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆகவே மும்மொழி வசதி எமக்கு அடிப்படைத் தேவை. டொக்குசோரஸிலும் ஹியூகோவிலும் அது உள்ளேயே உண்டு. ஸ்பிங்ஸில் மொழிபெயர்ப்புக் கோப்புகள் மூலம் செய்யலாம். எம்.கே.டொக்ஸில் தனியாகப் பிளகின் சேர்க்க வேண்டும்.

இரு விடயங்களில் கவனம் தேவை. முதலாவது, எமது அலுவலகங்களில் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யும் பழக்கம் இருக்கிறது. அதை அப்படியே இணையத்தில் போட்டால் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. யுனிகோடில் எழுதுவதை முதல் நாளிலேயே கட்டாயமாக்குங்கள்.

இரண்டாவது தேடல். தமிழில் சொல்லின் வால் மாறும். "விலை" என்று தேடுபவருக்கு "விலையை", "விலைக்கு" என்று எழுதிய பக்கங்களும் கிடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் நன்றாகத் தேடும் கருவி தமிழில் தடுமாறலாம். எனவே பத்துத் தமிழ்ப் பக்கங்களைப் போட்டுத் தேடிப் பார்த்த பின்னரே கருவியைத் தீர்மானியுங்கள்.

முதலாளி கேட்க வேண்டிய கேள்விகள்

புரோகிராமர் ஒரு பெயரைச் சொன்னதும் தலையாட்டிவிடாமல் பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

1. இதில் எழுதப்போவது யார்? புரோகிராமர் மட்டும் எழுதினால் எந்தக் கருவியும் சரி. வாடிக்கையாளர் பிரிவில் உள்ளவரும் எழுத வேண்டுமானால், அவரை உட்கார வைத்து ஒரு பக்கத்தைத் திருத்தச் சொல்லிப் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் பழக முடியாவிட்டால் கருவி பிழை, ஆள் பிழையல்ல.

2. இந்தப் புரோகிராமர் விலகினால் அடுத்தவர் எத்தனை நாளில் பொறுப்பேற்பார்? "நானே புதிதாக எழுதித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவரது திறமையை மெச்சுங்கள், ஆனால் சம்மதிக்க வேண்டாம். அவர் சவூதிக்கோ கட்டாருக்கோ போன பிறகு அதைத் தொட ஆள் இருக்காது.

3. பழைய பதிப்பை வைத்திருப்பவருக்கு என்ன வழி? எல்லாக் கடைகளும் ஒரே நாளில் புதிய பதிப்புக்கு மாறுவதில்லை. புதிய திரைகளின் படத்தைப் பார்த்துப் பழைய மென்பொருளில் பொத்தானைத் தேடுபவர் மறுபடியும் உங்களையே அழைப்பார்.

4. ஏ.பி.ஐ. பகுதியைக் கையால் எழுதுகிறோமா? ஓப்பன் ஏ.பி.ஐ. என்ற பொது முறையில் ஒரு விவரக் கோப்பு இருந்தால், அதிலிருந்து அந்தப் பக்கங்களைக் கருவியே தயாரிக்கும். கையால் எழுதினால் மென்பொருள் ஒன்று சொல்ல, கையேடு வேறொன்று சொல்லும் நிலை சீக்கிரம் வந்துவிடும்.

5. கணக்கு யார் பெயரில்? தள முகவரி, கோப்புகள் இருக்கும் கிட்ஹப் கணக்கு, கடவுச்சொற்கள் ஆகிய மூன்றும் நிறுவனத்தின் பெயரிலும் நிறுவனத்தின் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். ஊழியரின் சொந்தக் கணக்கில் இருந்தால் கடையின் சாவி அவரது சட்டைப் பையில் இருப்பதற்குச் சமம். இது யாரையும் சந்தேகிப்பதல்ல. அமானிதத்தை உரிய இடத்தில் வைப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

செலவு எங்கே?

கருவி இலவசம். எல்லோரும் பார்க்கக்கூடிய கோப்புகளாக இருந்தால் கிட்ஹப் நிறுவனம் தளத்தையும் இலவசமாகவே வைக்க இடம் தருகிறது. தள முகவரிக்கு வருடாந்தக் கட்டணம் உண்டு. உண்மையான செலவு எழுதுபவரின் நேரம்தான். மூன்று வாரம் சட்டகத்தைப் பற்றி விவாதித்துவிட்டு மூன்று பக்கம் எழுதிய நிறுவனத்தை விட, ஒரே நாளில் ஒரு கருவியைத் தெரிந்துவிட்டு முப்பது பக்கம் எழுதிய நிறுவனத்துக்கே இலாபம்.

எமது சிபாரிசைக் கேட்டால் இப்படிச் சொல்வோம். புரோகிராமர்கள் இருவர் மூவர் உள்ள சிறு நிறுவனம், கையேடு ஒரு மொழியில் என்றால் எம்.கே.டொக்ஸ் வகையில் தொடங்கலாம். மும்மொழியும் பல பதிப்புகளும் தேவை, ரியெக்ட் தெரிந்தவரும் இருக்கிறார் என்றால் டொக்குசோரஸ். மும்மொழி வேண்டும், ரியெக்ட் தெரிந்தவர் இல்லை என்றால் ஹியூகோ. பைத்தனில் எழுதிய பெரிய மென்பொருள் என்றால் ஸ்பிங்ஸ். எதுவானாலும் மார்க்டவுன் அல்லது அதற்கு நிகரான சாதாரண எழுத்துக் கோப்புகளில் எழுதுங்கள்.

வியாபாரத்தில் எழுதி வைப்பதன் அருமையை எமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதே. தொகை சிறியது என்பதற்காகச் சோம்பி விடுவதையும் அது ஏற்கவில்லை. மென்பொருள் விற்பவர் வாடிக்கையாளருக்குத் தரும் வாக்குறுதியும் ஒருவகைப் பொறுப்புத்தான். அதைப் பயன்படுத்தும் முறையை எழுதிக் கொடுப்பது அந்தப் பொறுப்பின் ஒரு பகுதி.

இன்றே ஒரு வேலை செய்யலாம். கடந்த ஒரு மாதத்தில் வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்ட பத்துக் கேள்விகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கப் பதிலை யுனிகோடில் சாதாரண எழுத்துக் கோப்பாகத் தட்டச்சு செய்து வையுங்கள். அந்தப் பத்துக் கோப்புகளையும் மேலே சொன்ன எந்தக் கருவியிலும் ஒரே நாளில் தளமாக்கிவிடலாம். அடுத்த வரி மாற்றம் வரும்போது, இன்ஷா அல்லாஹ், உங்கள் தொலைபேசி சற்று ஓய்வாக இருக்கும்.